யாருடைய பயம்

மிதிலாவின் தலையில் பட்டையைக் கட்டிய அன்று, மனநலப் பிரிவின் அந்தச் சின்ன அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். சித்திரை வெயில். எதிரே உட்கார்ந்திருந்த துளசிமணியின் நெற்றியிலும் அதே மாதிரி ஒரு கறுப்புப் பட்டை. ஓட்டப்பந்தயக்காரர்கள் வியர்வைக்குக் கட்டிக்கொள்வார்களே, அப்படித்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒயர் எதுவும் கிடையாது.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் இதற்கு உட்கார வேண்டும் என்பது அந்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்கு வந்த புது விதி. சகஉணர்வுப் பயிற்சி என்று பெயர். ஆளுக்கு ஒரு நோயாளி. மனநலப் பிரிவில் பயிற்சி முடிகிற வரைக்கும் வாரம் ஒரு முறை அந்த நோயாளிக்கு எதிரே உட்கார வேண்டும். துறைத் தலைவர் டாக்டர் ஞானாம்பிகை முதல் நாளே வகுப்பில் விளக்கியிருந்தார்.

"பேஷன்ட் நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னா நாம கேஸ் ஷீட்ல எழுதிக்கறோம். எழுதறது வேற, அடைச்சுப் பார்க்கறது வேற. அவங்க உடம்புல ஓடற உணர்ச்சி அப்படியே உங்களுக்கு வரும். நினைப்பு வராது, ஞாபகம் வராது. உணர்ச்சி மட்டும்தான். ஒரு தடவை அனுபவிச்சுப் பார்த்த டாக்டர் ஜென்மத்துக்கும் பேஷன்ட்கிட்ட எரிஞ்சு விழமாட்டான்."

ரிஸ்வான் கையைத் தூக்கினான். வகுப்பில் எதையும் கேட்கக் கூச்சப்படாதவன் அவன் ஒருத்தன்தான். "மேடம், நம்மளோடது அவங்களுக்குப் போகாதா?"

"போகாது. தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். நோய் அவங்ககிட்ட இருக்கு. நாம பள்ளம். பட்டையைக் கழட்டினா வழியும் மூடிக்கும்."

வகுப்பு சிரித்தது. மிதிலாவும் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பதை அவள் நன்றாகப் பழகி வைத்திருந்தாள்.

அவள் வெள்ளகோவில்காரி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, ஒதுக்கீட்டில் இடம் வாங்கி வந்தவள். அவளுடைய ஊர்ப் பேருந்து நிலையத்தில் அவள் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் மழையில் வெளுத்துப் போகிற வரைக்கும் தொங்கியது. அப்பா லாரி ஓட்டுநர். அந்த பேனர் வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவாராம்.

முதல் வருஷம் பயமாக இருந்தது. வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். "எனக்கு வராது, எனக்கு வராது" என்று உள்ளே ஒரு குரல் விடாமல் சொல்லும். இரண்டாம் வருஷ நடுவில் பயம் போய்விட்டது. அதோடு மற்றதெல்லாமும் போய்விட்டது. பசி, அழுகை, பாட்டுக் கேட்கிற ஆசை, அம்மா குரலைக் கேட்டால் வருகிற இளக்கம், எதுவும் இல்லை. விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. மாலை வேளைகளில் அங்கே போய்க் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். எதற்காக நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. ஆலோசகரிடம் போன சீனியர் அக்கா ஒருத்தியின் பெயர் கோப்பில் ஏறி, வீட்டுக்குப் போன் போய், கடைசியில் அவளைப் பற்றி விடுதி முழுக்க ஒரு பட்டப்பெயர் சுற்றியதை அவள் பார்த்திருந்தாள்.

இந்தப் பயிற்சி வருவதற்கு முந்தின வருஷம் அந்த வளாகத்தில் மாணவர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நிர்வாகம் ஜன்னல்களுக்கு வலை அடித்தது. மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டது. துணி காயப்போட இடமில்லை என்று சத்தம் கிளம்பியதும் பூட்டைத் திறந்துவிட்டது. அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

துளசிமணி பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் தைத்தவள். கம்பெனியில் தீப்பிடித்தபோது, சாத்திய ஷட்டருக்கு உள்ளே மாட்டிக்கொண்டு பிழைத்து வந்தவள். அதிலிருந்து கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும். காங்கயத்தில் மகள் வீட்டில் இருந்தவளுக்குக் குளியலறைக்குள் போகக்கூட முடியாமல் ஆனபோது இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மருந்தில் நன்றாகவே தேறி வந்தாள். வைகாசிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பேச்சு.

பட்டையில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

முதலில் மிதிலாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடிவயிற்றில் ஐஸ் தண்ணீரை ஊற்றியதுபோல இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. கண்முன்னே இருந்த சாத்திய கதவு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓடு, ஓடு என்று கால் துடித்தது. மூக்கில் இல்லாத புகை ஏறியது. தன் வாயிலிருந்து ஒரு சத்தம் வருவதைக் கேட்டாள். அதற்குள் அது வடிந்துவிட்டது. அவள் முகம் முழுக்க ஈரம். ஒரு வருஷமாக வராத அழுகை.

துளசிமணி எட்டி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயந்துட்டியா அம்முணி? ஒண்ணுமில்ல. இது எனக்குத் தெனமும் வர்றதுதான். வந்துட்டு அதுவா போயிரும்."

அன்று இரவு மிதிலா படுத்ததும் தூங்கினாள்.

அடுத்தடுத்த வாரங்களில் அவளுக்குப் பசித்தது. மெஸ்ஸில் இரண்டாவது தோசை கேட்டாள். வார்டு ரவுண்டில் பேராசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னாள். அம்மாவிடம் போனில் சண்டை போட்டாள், அதுவே சந்தோஷமாக இருந்தது. தொட்டிக்குப் பின்னாலிருந்த மூலை இருக்கிற இடமே மறந்துபோயிற்று.

"என்ன மிதிலா, ஆளே மாறிட்ட?" என்றான் ரிஸ்வான். "நம்ம எல்லாருக்குமே அப்படித்தான் இருக்குல்ல? எனக்கு வந்த பேஷன்ட் பயங்கர டிப்ரஷன். ஆனா வெளிய வந்தா எனக்கு லேசா இருக்கு. மத்தவங்க கஷ்டத்தைப் பார்த்தா நம்மளோடது சின்னதாத் தெரியும்போல."

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். துளசிமணிக்காகக் கேன்டீனில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போவாள். அம்முணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த துளசிமணி கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். இவளுக்கு அவள் துளசிக்கா ஆகியிருந்தாள்.

ஆனால் துளசிமணி பன்னைத் தொடுவதை நிறுத்தினாள். வைகாசி போய் ஆனியும் பிறந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் விதிர்விதிர்த்து எழுந்து நின்றாள். கதவு சாத்தினால் இப்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் மாடிப்படியைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அந்தப் பக்கம் மட்டும் என்னைக் கூட்டிப் போவாதீங்க சிஸ்டர்," என்று கெஞ்சினாள். நோய் வேறு ரூபம் எடுக்கிறது என்று சொல்லி மருந்தைக் கூட்டினார்கள்.

மருந்தியல் வாய்மொழித் தேர்வு அன்று மிதிலா எதிரே இருந்தவர்களை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னாள். நாக்கு ஒரு இடத்திலும் ஒட்டவில்லை. வெளியே வந்தபோது காற்றில் மிதப்பதுபோல இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லலாம் என்று நேரே வார்டுக்குப் போனாள்.

துளசிமணியின் கட்டிலில் விரிப்பெல்லாம் நனைந்து கிடந்தது. நர்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வேர்வைம்மா," என்றார் அவர். "காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சுது. எனக்கு வராது, எனக்கு வராதுன்னு ஒரே பொலம்பல். ஊசி போட்டப்புறம்தான் அடங்குனாங்க."

பத்து மணிக்குத்தான் மிதிலாவின் பெயரைத் தேர்வறைக்குள் கூப்பிட்டார்கள்.

கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அக்கா, என்ன வராதுன்னு சொன்னீங்க?"

"தெரியலியே கண்ணு." துளசிமணியின் உதடு வெடித்திருந்தது. "மூணு பேரு உக்காந்துருக்கற மாதிரி இருந்துச்சு. என்னமோ கேக்கறாங்க. எனக்கு வாய்க்கு வரமாட்டேங்குது. நான் எட்டாவதோட நின்னவ, என்னைப் போயி யாரு கண்ணு கேள்வி கேக்கப் போறா?"

மிதிலா எழுந்து வெளியே வந்துவிட்டாள். வராந்தாவில் அவளைக் கடந்துபோன நோயாளிகளை, துணைக்கு வந்தவர்களை, யாரையும் பார்க்க முடியவில்லை. பட்டை கழற்றினால் வழி மூடிக்கொள்ளும் என்றார்களே. அவள் தேர்வறையில் இருந்தாள். துளசிக்கா இங்கே கட்டிலில். இரண்டு கட்டிடம் தாண்டி.

உடனே ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. அடுத்த வாரமும் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். உதவியாளர் பட்டையைக் கட்டியபோது தலையைக் குனிந்து காட்டினாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பயந்தாள், அவ்வளவுதான். சொன்னால் பட்டையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் அந்த வெறுமை திரும்பி வரும். தொட்டிக்குப் பின்னாலிருக்கிற மூலை திரும்பி வரும். தண்ணீரில் மூழ்குகிறவள் கையில் சிக்கியதைப் பிடித்துக்கொள்வதுபோல அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தது இன்னொருத்தியின் தோள் என்பது தெரிந்தும் விட முடியவில்லை.

எதிரே துளசிமணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து புகையும் வரவில்லை, கதவும் வரவில்லை. மிதிலாவுக்கு வந்தது அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்றுதான். எதுவுமே இல்லாத அந்த வெறுமை.

ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் வார்டில் கூச்சல் கிளம்பியது. துளசிமணியைக் காணவில்லை. மருந்து கொண்டுவந்த ஆளுக்குக் கதவைத் திறந்த நேரத்தில் நழுவியிருக்கிறாள். காவலாளிகள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்கள். ஒருத்தர் கேன்டீனில் தேடினார். மகளுக்குப் போன் போட்டார்கள்.

மிதிலா யாரையும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாணவியர் விடுதியைப் பார்த்து ஓடினாள். துளசிமணி அந்த விடுதிக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. ஆனாலும் எங்கே இருப்பாள் என்று மிதிலாவுக்குத் தெரியும். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு துளசிமணி நின்றிருந்தாள். மிதிலா நிற்கிற அதே இடம். வார்டுத் துணி காற்றில் படபடத்தது.

"துளசிக்கா."

அவள் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு குழப்பம். "கண்ணு, வந்துட்டியா? எனக்கு ஒண்ணும் புரியல. இந்த எடத்தை நான் பாத்ததே இல்ல. காலு அதுவா கூட்டிட்டு வந்துருச்சு."

"கைய எடுங்கக்கா. என்கிட்ட வாங்க."

"எனக்குச் சாகணும்னு இல்ல கண்ணு." அவள் இன்னும் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்ற மக மாசமா இருக்கறா. பேரப்புள்ளையப் பாக்கோணும். அந்தத் தீயிலயே நான் சாகமாட்டேன்னு வெளிய வந்தவ. ஆனா உள்ள ஒண்ணு போ போன்னு தள்ளுது. இது யாரோட ஆசைன்னே எனக்குத் தெரியல."

மிதிலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது, காற்றின் இரைச்சலுக்கு நடுவே வாயிலிருந்து வந்தது.

"என்னோடதுக்கா. அது என்னோடது. நான்தான் தெனமும் இங்க வந்து நிப்பேன்."

சொன்ன மாத்திரத்தில் அது முழுசாக அவள்மேல் வந்து இறங்கியது. வாய்விட்டு அலறினாள். துளசிமணி சுவரிலிருந்து கையை எடுத்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யார் நடுங்குகிறார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. காவலாளிகள் மேலே ஏறி வந்தபோது, நோயாளிதான் மாணவியைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் ஞானாம்பிகை மிதிலாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைத் தானே எழுந்து சாத்தினார். மிதிலா எல்லாவற்றையும் சொன்னாள். தேர்வறை, பத்து மணி, தொட்டி மூலை, தெரிந்தும் வாய் மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"வழி மூடாதுன்னு?"

"ரெண்டு பக்கமும் ஓடும், மூடாதுன்னு பட்டைங்களை வாங்கறதுக்கு முன்னாலயே தெரியும்." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. "இறந்துபோன ஒவ்வொரு பிள்ளையோட அப்பா அம்மாவையும் நீ உக்காந்திருக்கற இந்த நாற்காலியிலதான் உக்காரவெச்சுப் பேசினேன். ஒரு அப்பா என் காலைப் பிடிச்சுக்கிட்டு, எம்புள்ள ஏன் உங்ககிட்ட சொல்லலைன்னு கேட்டார். நான் என்ன சொல்ல? சொன்னா பேரு ஃபைல்ல ஏறிடும்னு நீங்க யாரும் வாயைத் திறக்கமாட்டீங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூடப் போகல, மிதிலா. ஒருத்தர்கூட."

"வார்டுல மேடம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வார்டுல யாராவது போனாங்களா?"

"அவங்க ஏற்கெனவே நோயாளிங்க. கொஞ்சம் கூடினா மருந்து இருக்கு, நர்ஸ் இருக்காங்க, பூட்டின கதவு இருக்கு. உங்களுக்கு யார் இருந்தா?"

"கேட்டீங்களா அவங்ககிட்ட?"

"கையெழுத்து வாங்கியிருக்கோம்."

"எதுக்குன்னு சொல்லி வாங்கினீங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கெஞ்சுகிற குரலில் சொன்னார். "நீ இப்ப நல்லாருக்க. அதைக் கெடுத்துக்காதே. வேற பேஷன்ட் மாத்தித் தர்றேன். பரீட்சையை முடி."

வேற பேஷன்ட். அந்தச் சொல் மிதிலாவின் காதில் விழுந்தபோது உடம்பு கூசியது. அதைவிட, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரி என்று சொல்ல வாய் எடுத்ததை நினைத்துத்தான் பிற்பாடு பல நாள் பயந்தாள்.

"நான் நல்லா இல்ல மேடம்," என்றாள். "என்னோடது அந்த வார்டுல படுத்திருக்கு. அதை எப்படித் திருப்பி வாங்கறது?"

"வழியை மூடறது எப்படின்னு யாருக்கும் தெரியாது. நீ தேறினா அவங்க தேறுவாங்க. அவ்வளவுதான் தெரியும்."

அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். லாரியிலேயே வந்திருந்தார். வெள்ளகோவில் எல்லையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "சொல்லியிருக்கலாமே சாமி," என்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

ஒரு வருஷம் படிப்பை நிறுத்தினாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் போனாள். மாத்திரை, பேச்சு, திரும்பவும் பேச்சு. லேசில் வரவில்லை. பாதியில் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றிய நாட்கள் இருந்தன. அப்படி ஒரு நாளில் போன் அடிக்கும்.

"கண்ணு, என்ன பண்ற? எனக்கு இங்க மிஷின்ல கை ஓடமாட்டேங்குது."

"ஒண்ணுமில்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. சோறு தின்னியா?"

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடலாம், துளசிமணியிடம் மட்டும் முடியாது. அவள் வார்டிலிருந்து வீடு திரும்பிப் பேரனைப் பார்த்துவிட்டாள். திரும்பவும் மிஷின் மிதிக்கப் போனாள். இவள் மனசு சரிந்தால் அங்கே அவள் தைக்கிற துணி கோணும். அதற்காகவே மிதிலா எழுந்து குளித்தாள், நடந்தாள், சாப்பிட்டாள். பிறகு மெல்ல மெல்ல, தனக்காகவும்.

கல்லூரியைப் பற்றி அவள் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு ஆட்கள் வந்து போனார்கள். பத்திரிகையில் ஒரு நாள் செய்தி வந்தது. பயிற்சியை நிறுத்திவிட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தது. ஆமாம், பட்டைகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ரிஸ்வானும் போனில் சொன்னான்.

திரும்பக் கல்லூரியில் சேரப்போகும் நேரம். மிதிலா கூடத்தில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். உச்சிவேளை. அம்மா சமையலறையில் வடகத்தைத் தாளித்துக்கொண்டிருந்தாள். மனசு, வெகுகாலத்துக்குப் பிறகு, வெறும் மனசாக இருந்தது. போன் அடித்தது.

"கண்ணு, எங்க இருக்க?" துளசிமணிக்கு மூச்சு வாங்கியது.

"வீட்லதான்க்கா. ஏன்?"

"உண்மையச் சொல்லு. நல்லாருக்கியா?"

"சத்தியமா நல்லாருக்கேன்க்கா. அட்டை போட்டுட்டு இருக்கேன். அம்மா பக்கத்துலதான் இருக்காங்க."

துளசிமணி மெதுவாகக் கேட்டாள். "அப்ப இது யாருது?"

மிதிலாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் விழுந்தது.

"அக்கா, போன வாரம் மாத்திரை வாங்க எங்க காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனீங்கல்ல. என்ன பண்ணினாங்க?"

"தலைக்கு ஒரு டெஸ்ட்டுன்னாங்க. புதுசு, தொப்பி மாதிரி. பட்டை இல்ல கண்ணு, பட்டையா இருந்தா நான் ஒத்துக்குவனா? தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் உக்காந்துருந்தான். நகத்தைக் கடிச்சுக்கிட்டு. மொத வருசமாட்டத் தெரிஞ்சுது."

"இப்ப என்ன தெரியுது உங்களுக்கு? கண்ணை மூடிச் சொல்லுங்க. எங்க நிக்கற மாதிரி இருக்கு?"

"வெயிலு. காலுக்குக் கீழ சல்லிக்கல்லு குத்துது." அவள் பல் கிட்டியது. "தரை அதிருது கண்ணு. என்னமோ வருது."

கல்லூரியின் ஆண்கள் விடுதிக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் இடிந்த இடத்தில் ரயில் பாதை ஓடுகிறது. மிதிலா துளசிமணியின் அழைப்பைத் துண்டிக்காமல் சமையலறைக்கு ஓடி அம்மாவின் போனைப் பிடுங்கினாள்.

"ரிஸ்வான், எங்க இருக்க?"

"மெஸ்ஸுல. ஏன், என்ன—"

"பின்னாடி தண்டவாளத்துக்கு ஓடு. ஒரு பையன் நிக்கறான். ஏன்னு கேக்காத, ஓடு!"

தட்டு உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஓடுகிற காலடி. ஒரு காதில் ரிஸ்வானின் இரைப்பு, இன்னொரு காதில் துளசிமணியின் இரைப்பு. அம்மா கரண்டியோடு வந்து ஒன்றும் புரியாமல் நின்றாள். ரிஸ்வான் யாரையோ, "தம்பி! டேய் தம்பி!" என்று கத்தினான். அதை விழுங்கிக்கொண்டு ரயிலின் ஊதல் எழுந்தது. நீளமாக, நிற்காமல். ஏதோ இடறி விழும் சத்தம். அந்த போன் செத்துப்போயிற்று.

"அக்கா?"

"நின்னுபோச்சு கண்ணு," என்றாள் துளசிமணி.

"என்னக்கா நின்னுபோச்சு?"

"எல்லாமே. பயம், அதிர்வு, ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு."

மிதிலா ரிஸ்வானைக் கூப்பிட்டாள். மணி போகவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். வடகம் கருகும் வாசனை வீடு முழுக்கப் பரவியது, யாரும் அடுப்பை அணைக்கப் போகவில்லை. துளசிமணியின் பக்கம் மிஷின்களின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏதாவது சொல்லுங்கக்கா."

"இரு கண்ணு. பேசாத." அவள் எதையோ உற்றுக் கேட்பவள்போலச் சொன்னாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மெலிசாக, துளசிமணியின் தொண்டையிலிருந்து ஒரு விசும்பல் எழுந்தது. அது பெரிதாகி, அவளால் அடக்க முடியாமல், தன்னைச் சுற்றிப் பெண்கள் ஓடிவந்து என்னாச்சு என்னாச்சு என்று கேட்பதையும் பொருட்படுத்தாமல் அவள் ஓவென்று அழுதாள்.

"அழுவுது கண்ணு," என்றாள் அழுகைக்கு நடுவே. "யாரோ இறுக்கிக் கட்டிப் புடிச்சுருக்கற மாதிரி இருக்குது. அந்தப் புள்ள அழுவுது."